அவர் சார்பில்

ஆங்கிலத்தில் 'ஆன் பிஹாஃப் ஆஃப்' என்றொரு தொடர் இருக்கிறது. ஆங்கிலத்தில் நான்கு வாக்கியம் சேர்த்துப் பேசத் தயங்குகிறவர்கள்கூட இதைக் கேட்டிருப்பார்கள். பள்ளி ஆண்டுவிழாவில் நன்றியுரைக்கு எழும் மாணவன் ஒலிவாங்கியைத் தட்டிப் பார்த்துவிட்டு முதலில் உதிர்க்கும் சொற்கள் அவை. நிர்வாகத்தின் சார்பிலும், ஆசிரியப் பெருமக்கள் சார்பிலும், மாணவர்கள் சார்பிலும் என்று அடுக்கிவிட்டு, விடுபட்டவர் எவரேனும் வருந்தக்கூடாதே என்று 'என் சார்பிலும்' என்று முடிப்பான். தன் சார்பில் தானே பேசுவது எவ்வாறு என்று அரங்கில் யாரும் கேட்பதில்லை. எங்கள் தந்தையார் கேட்பார்.

அவர் மன்னார்குடிப் பக்கத்து உயர்நிலைப் பள்ளி ஒன்றில் ஆங்கில ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். நாங்கள் மூவர் அவருடைய மக்கள். ஓர் அக்காவும் இரண்டு தம்பிகளும். இக்கட்டுரையில் வரும் 'நாங்கள்' அந்த மூவரே. எழுதியது ஒரு கைதான். ஆயினும் மற்ற இருவரும் படித்து, அடிக்க வேண்டியதை அடித்துக் கொடுத்த பிறகே இங்கே வருகிறது. இந்த முன்னெச்சரிக்கைக்குக் காரணம் போகப் போகத் தெரியும்.

தந்தையார் வகுப்பில் ரென் அண்டு மார்ட்டின் இலக்கண நூலை மேசைமேல் வைத்திருப்பாரே தவிர அதிகம் திறக்க மாட்டார். வாக்கியங்களைத் தாமே சொல்வார். இத்தொடருக்கு அவர் வைத்திருந்தவை மூன்று. 'தலைமையாசிரியர் சார்பில் இப்பரிசை நான் பெற்றுக்கொள்கிறேன்' என்பது முதல் வாக்கியம். 'ஏழைகள் சார்பில் அவர் பேசினார்' என்பது இரண்டாவது. 'டோன்ட் வொரி ஆன் மை பிஹாஃப்' என்பது மூன்றாவது. மூன்றிலும் இருப்பது அதே தொடர், வேலைதான் வேறு. முதல் வாக்கியத்தில் தலைமையாசிரியர் அனுப்பியதால் ஒருவர் வந்திருக்கிறார். அவர் வெறும் கை. இரண்டாவதில் ஏழைகள் யாரும் அவரை அனுப்பவில்லை. அவர்கள் நன்மைக்காக என்று அவராகவே பேசுகிறார். மூன்றாவதில் பேச்சுமில்லை, பரிசுமில்லை. 'எனக்காகக் கவலைப்படாதே' என்ற அளவுதான். 'அனுப்பப்பட்டவனா, தானாக வந்தவனா என்று முதலில் பார்' என்பார். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அது இலக்கணமாகவே பட்டது. எங்களுக்கும் அப்படித்தான்.

இந்த வேறுபாட்டை முன்னிடைச் சொல்லை வைத்தே காட்டிவிட வேண்டும் என்று அமெரிக்க இலக்கணக்காரர்கள் சிலர் முயன்றதுண்டு. ஒருவருடைய பிரதிநிதியாகச் செய்தால் 'ஆன் பிஹாஃப் ஆஃப்', ஒருவருடைய நன்மைக்காகச் செய்தால் 'இன் பிஹாஃப் ஆஃப்' என்பது அவர்கள் வகுத்த விதி. எழுதுகிறவர்கள் அதை மதிக்கவில்லை. பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் 'இன்' வழக்கொழிந்தே போயிற்று. எங்கள் தந்தையார் வரம்பு மீறாத இலக்கணக்காரர் என்றாலும் இந்த விதி தோற்றதில் அவருக்கு வருத்தமில்லை. அனுப்பப்பட்டவனும் தானாக வந்தவனும் பல சமயங்களில் ஒரே ஆள்தான் என்பது அவர் கட்சி.

அவருக்குப் பொறுக்காத பிழை வேறு. 'குமாஸ்தாவின் சார்பில் நடந்த தவறு' என்ற பொருளில் இத்தொடரைப் போடுவார்கள். அவ்விடத்தில் வரவேண்டியது 'ஆன் தி பார்ட் ஆஃப்'. தவறு குமாஸ்தா செய்தது. அவருக்காக வேறொருவர் செய்து கொடுத்ததன்று. ஆங்கிலேயர்களே பேச்சில் இப்படிச் சறுக்குகிறார்கள். தமிழில் 'தரப்பு' என்ற சொல் இரண்டையும் தாங்கிக்கொள்கிறது. 'எங்கள் தரப்பில் தவறில்லை' என்கிறோம். 'அரசுத் தரப்பில் வழக்கறிஞர் வாதாடினார்' என்றும் எழுதுகிறோம். ஆகவே தமிழில் எண்ணி ஆங்கிலத்தில் எழுதுகிறவன் இங்கே விழுவது இயல்பு என்று மதிப்பெண்ணைக் குறைக்காமல் திருத்தி மட்டும் கொடுப்பார்.

மதிப்பெண்ணைக் குறைக்கும் இடம் ஒன்று இருந்தது. 'ஆன் பிஹாஃப் ஆஃப் ஆல் ஆஃப் அஸ்' என்று பலகையில் எழுதித் தமிழாக்கச் சொல்வார். பாதிப் பேர் 'நம் அனைவர் சார்பிலும்' என்று எழுதுவார்கள்; மீதிப் பேர் 'எங்கள் அனைவர் சார்பிலும்' என்று. இரு சாராருக்கும் அரை மதிப்பெண்தான். கேட்பவர் யார் என்று தெரியாமல் இதை எப்படித் தமிழாக்கினாய், ஏன் என்னைக் கேட்கவில்லை என்பார். விருந்தினரைப் பார்த்துச் சொன்னால் 'எங்கள்'. கூடியிருப்போரைப் பார்த்துச் சொன்னால் 'நம்'. ஆங்கிலத்தின் ஒற்றைச் சொல் அந்தக் கேள்வியைக் கேட்காமலே நழுவிப் போய்விடும். தமிழில் நழுவ இயலாது. யாரை உள்ளே வைத்தாய், யாரை வெளியே நிறுத்தினாய் என்று வாய் திறந்தவுடனே தெரிந்துவிடும்.

சொல்லின் வரலாற்றையும் கொஞ்சம் பார்த்துவிடலாம். இத்தொடரின் நடுவில் உள்ள 'பிஹாஃப்' என்பதன் பிற்பகுதி நாம் அறிந்த 'ஹாஃப்' தான். பாதி என்பது அதன் ஒரு பொருள். பழைய ஆங்கிலத்தில் அதற்குப் பக்கம் என்ற பொருளும் இருந்தது. 'அவன் பக்கத்தில்' என்பதற்கு அக்காலத்தில் இருவேறு வழக்குகள் இருந்தன. இரண்டும் கலந்துபோய் இன்றைய தொடர் பிறந்தது. அதாவது இன்னொருவர் பக்கத்தில் நிற்றல் என்பதே வேர்ப்பொருள். அவருடைய இடத்தில் நிற்பது பிறகு வந்து ஏறிக்கொண்டது.

தமிழிலும் ஏறக்குறைய இதே கதைதான் என்பது எங்களுக்கு வியப்பாக இருந்தது. சார்தல் என்றால் சாய்தல், ஒட்டி நிற்றல். திண்ணைச் சுவரில் சார்ந்து உட்கார்கிறோம். தொல்காப்பியம் குற்றியலிகரம், குற்றியலுகரம், ஆய்தம் என்ற மூன்றையும் சார்ந்து வரும் மரபினவாகக் காட்டுகிறது. அவை தாமாகத் தனித்து ஒலிப்பவை அல்ல. அரசு அலுவலகங்களில் இச்சொல் பதவியாகவே ஆகிவிட்டது: சார் பதிவாளர், சார் ஆட்சியர், சார்புச் செயலாளர், சார்பு நீதிமன்றம். செய்தித்தாளைப் பிரித்தால் ஏதேனும் ஒரு கட்சியின் சார்பில் மலர்வளையம் வைக்காத நாளில்லை. இவ்வளவு புழங்கியும் அடியில் கிடக்கும் அந்தச் சாய்தல் மட்டும் அழியவில்லை. 'பதிலாக' என்ற சொல்லில் அது கிடையாது. பதிலாக வந்தவருக்கு இடம் வேண்டும். சார்பாக வந்தவருக்கு ஆள் வேண்டும்.

எங்களுள் இளையவர் சட்டம் படித்தவர். அவர் ஒரு செய்தியைச் சேர்க்கச் சொன்னார். இந்திய அரசியலமைப்பின் 299ஆம் உறுப்பின்படி அரசின் நிர்வாக அதிகாரத்தில் செய்யப்படும் ஒப்பந்தங்களில் குடியரசுத் தலைவர் சார்பிலோ ஆளுநர் சார்பிலோ ஓர் அதிகாரி கையெழுத்திடுகிறார். அதன் மறுபகுதியின்படி அந்தத் தலைவரும் ஆளுநரும் அதற்குத் தனிப்பட்ட முறையில் பொறுப்பாக மாட்டார்கள். கையெழுத்திட்ட அதிகாரியும் பொறுப்பாக மாட்டார். பொறுப்பு அரசினுடையது. இத்தொடரைப் போல மனிதரை மறைத்துக் காப்பாற்றும் தொடர் சட்டத்தில் வேறில்லை என்பது அவர் கருத்து. நாங்கள் அவ்வளவு தூரம் போகவில்லை, ஆனால் சேர்த்துவிட்டோம்.

இனி எங்கள் வீட்டுத் திண்ணைக்கு வருகிறோம். மாலையில் பள்ளி விட்டு வந்ததும் தந்தையார் அங்கே உட்காருவார். எழுதத் தெரியாதவர்கள் வருவார்கள். தாசில்தாருக்கு மனு, வங்கிக்கு விண்ணப்பம், வெளியூர்ப் பிள்ளைக்குக் கடிதம். காசு வாங்க மாட்டார். எழுதி முடித்ததும் ஒன்று விடாமல் உரக்கப் படித்துக் காட்டுவார். 'நீ சொன்னது இதுதானா?' என்று கேட்பார். ஆம் என்ற பிறகே மைப்பெட்டியை நகர்த்துவார். சில நாள் அதற்குள் இருட்டிவிடும். நாங்கள் அரிக்கேன் விளக்கைப் பிடித்துக்கொண்டு கால் மாற்றி நிற்போம்.

ஒருமுறை அடுத்த தெரு அம்மாள் ஒருவர் சிங்கப்பூரில் வேலை செய்த மகனுக்கு எழுதச் சொன்னார். 'நலம், நலமறிய ஆவல்' என்றுதானே எல்லாக் கடிதமும் தொடங்கும்? அவரும் அப்படியே தொடங்கி எழுதிப் படித்துக் காட்டினார்.

'வாத்தியாரய்யா, நான் நல்லா இருக்கேன்னு நான் எங்க சொன்னேன்?' என்று கேட்டார் அந்த அம்மாள்.

'அது வழக்கம்மா. எல்லாருக்கும் போடுறதுதான்.'

'வழக்கமா இருக்கட்டுங்க. எனக்கு மூணு மாசமா முட்டி வீங்கிக் கிடக்கு. அவன்கிட்டப் போய் நலம்னு எழுதினா, அவன் அனுப்புறதையும் நிறுத்திப்புடுவான்.'

தந்தையார் சிரித்தார். நீலநிற விமானக் கடிதத் தாள் அது. கெட்டுப்போனால் வேறு வாங்க வேண்டும். ஆகவே 'நலம்' என்பதை மட்டும் ஒரே கோடாக அடித்துவிட்டு மீதியை விட்டார். 'நலமறிய ஆவல்' என்று தொடங்கிய அந்தக் கடிதம் எங்களுக்கு நெடுநாள் வேடிக்கைப் பேச்சாக இருந்தது.

2017இல் தந்தையாருக்குப் பக்கவாதம் வந்தது. நோயின் பெயரிலேயே பக்கம் இருக்கிறது. வலப்பக்கம் முழுதும் விழுந்துவிட்டது, பேச்சும் போயிற்று. ஆனால் பிறர் பேசுவது விளங்குகிறது என்று மருத்துவரே சொன்னார். சொல்லியும் அடுத்த நிமிடத்திலிருந்து அவரும் எங்களோடுதான் பேசினார். கட்டிலின் ஒரு புறம் அவர், மறுபுறம் நாங்கள். நடுவில் கண் திறந்தபடி தந்தையார்.

மருத்துவமனையில் எங்களுக்குப் பெயரில்லை. 'அட்டெண்டர்' என்று அழைத்தார்கள். விழுங்குவது ஆபத்து, மூக்கு வழியே குழாய் போட்டுத்தான் உணவு கொடுக்க வேண்டும் என்றார்கள். செவிலி ஒரு படிவத்தோடு வந்தார். 'பேஷண்ட் சார்பா யாராவது ஒருத்தர் கையெழுத்துப் போடுங்க' என்றார். படிவத்திலும் அதே தொடர் ஆங்கிலத்தில் அச்சாகியிருந்தது. அதன் எதிரே புள்ளிக்கோடு. அக்கா கையெழுத்திட்டார். படித்துப் பார்த்தோமா என்றால், பார்த்தோம். யாருக்குப் படித்துக் காட்டியிருக்க வேண்டும் என்பதுதான் தோன்றவில்லை.

இரண்டாம் இரவு தந்தையார் இடக்கையால் குழாயைப் பிடுங்கிவிட்டார். மறுபடி பிடுங்காமல் இருக்க அந்தக் கையைத் துணிக்கட்டால் கட்டிலோடு சேர்த்துக் கட்ட வேண்டும் என்று இன்னொரு படிவம் வந்தது. அதிலும் எங்கள் கையெழுத்து இருக்கிறது. இம்முறை மூத்த தம்பி. அவர் நன்மைக்காகத்தான் செய்தோம். இன்றும் அந்தக் குழாய் தேவைப்பட்டது என்றே எண்ணுகிறோம். ஆனால் அவருக்கு இருந்த ஒரே கை அது. அவர் சொல்லக்கூடிய ஒரே சொல்லும் அந்தக் கையில்தான் இருந்தது. அதை அவர் சார்பில் கட்டிப் போட்டோம்.

பிற்பாடு இளையவர் ஒரு தீர்ப்பைத் தேடி எடுத்து வந்தார். 2008இல் உச்ச நீதிமன்றம் வழங்கியது. பரிசோதனைக்கென்று மயக்கம் கொடுக்கப்பட்டிருந்த ஒரு பெண்ணின் கருப்பையை, வெளியே காத்திருந்த தாயிடம் ஒப்புதல் பெற்று அகற்றிவிட்டார்கள். அவள் வயதுவந்த, தெளிவுள்ள பெண். உயிருக்கு உடனடி ஆபத்தும் இல்லை. மயக்கம் தெளியும்வரை பொறுத்திருந்து அவளையே கேட்டிருக்க வேண்டும், தாயின் ஒப்புதல் செல்லாது என்றது நீதிமன்றம். பெற்ற தாயாலேயே முடியாதது எங்களால் எப்படி முடிந்தது என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் உட்கார்ந்திருந்தோம்.

வங்கியில் நடந்தது இதைவிடச் சிறியது, சற்றுச் சிரிப்புக்குரியதும்கூட. நோய் வருவதற்கு முந்திய ஆண்டே தந்தையார் அக்காவுக்குப் பவர் பத்திரம் எழுதிக் கொடுத்திருந்தார். ஓய்வூதியக் கணக்குக்கு அதைக் கொண்டு போனபோது, 'அப்பாவுக்கு நினைவு தெளிவா இருக்கா?' என்று கேட்டார்கள். 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 201ஆம் பிரிவுப்படி, அதிகாரம் கொடுத்தவர் இறந்தாலோ சித்தம் தெளிவிழந்தாலோ கொடுத்த அதிகாரமும் முடிந்துவிடுகிறது. தெளிவில்லை என்றால் பத்திரம் செல்லாது. தெளிவாக இருக்கிறார் என்றால் அவரையே கேட்டுவிடலாமே என்றார் மேலாளர். நாங்கள் எரிச்சலோடு திரும்பினோம். வழியில்தான் உறைத்தது: இத்தனை நாளில் அவரையே கேட்டுவிடலாம் என்று சொன்ன முதல் ஆள் அந்த மேலாளர்.

அடுத்த வாரம் வங்கியிலிருந்து ஓர் அலுவலர் வீட்டுக்கு வந்தார். கையெழுத்திட இயலாத ஓய்வூதியர் இரு சாட்சிகள் முன்னிலையில் பெருவிரல் ரேகை வைக்கலாம். அதுவும் இயலாவிட்டால் கால் பெருவிரலே போதும் என்று விதி இருக்கிறதாம். அவர் படிவத்தைத் தந்தையாரின் முகத்துக்கு நேரே பிடித்துத் தமிழில் நிறுத்தி நிறுத்திப் படித்தார். படித்துவிட்டு, 'சரிங்களா ஐயா?' என்றார். தந்தையார் இடக்கையை நீட்டினார். எழுதத் தெரியாதவர்களுக்காக ஆயிரம் மனு எழுதியவரின் விரலில் மை தடவப்படுவதைக் காண அக்காவுக்குப் பொறுக்கவில்லை, உள்ளே போய்விட்டார். தந்தையாருக்கு அப்படி எதுவும் தோன்றியதாகத் தெரியவில்லை. முகம் தெளிவாகவே இருந்தது.

ஏழெட்டு மாதத்தில் இடக்கையில் எழுத்து வந்தது. ஒரு சிலேட்டு வாங்கிக் கொடுத்திருந்தோம். ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் கோணல் எழுத்து. ஒரு சொல், மிஞ்சினால் இரண்டு சொல். தண்ணீர், காற்றாடி, மணி என்ன. ஒரு நாள் அக்கா குழாய் போட்ட நாட்களைப் பற்றி யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். அவர் சிலேட்டைக் கேட்டு வாங்கி வெகுநேரம் எழுதினார். 'கேட்டிருக்கலாம்' என்று இருந்தது. அக்கா, 'அப்பா, கேட்டிருந்தா வேணாம்னு சொல்லியிருப்பீங்களா?' என்றார். அவர் யோசித்தார். பிறகு இல்லையென்று தலையசைத்தார்.

2018இல் பழைய மாணவர்கள் சேர்ந்து பள்ளியில் அவருக்கு ஒரு பாராட்டு விழா வைத்தார்கள். சக்கர நாற்காலியில் அழைத்துப் போவதாகவும், ஏற்புரையை அவர் சார்பில் எங்களுள் ஒருவர் படிப்பதாகவும் ஏற்பாடு. முதல் நாள் இரவு மூவரும் உட்கார்ந்து எழுதினோம். மூன்றே வாக்கியங்கள். விழாவுக்கும் வந்தவர்களுக்கும் நன்றி. இந்தப் பள்ளியில் வேலை பார்த்த காலமே என் வாழ்க்கையில் நல்ல காலம். என்னிடம் படித்த ஒவ்வொரு மாணவனையும் நான் இன்றும் நினைவில் வைத்திருக்கிறேன்.

எழுதி முடித்ததும், இம்முறை, அவர் கட்டிலருகே போய் உரக்கப் படித்துக் காட்டினோம். 'அப்பா, நீங்க சொல்லணும்னு நினைக்கிறது இதுதானா?' என்று கேட்டோம். அவர் தாளை வாங்கி முகத்தருகே கொண்டுபோய்ப் பார்த்தார். பென்சிலைக் காட்டினார். கொடுத்தோம். மூன்றாவது வாக்கியத்தின் மேல் மெதுவாக ஒரே கோடு இழுத்து அடித்தார்.

'ஏம்ப்பா? அது நல்லாத்தானே இருக்கு?' என்றார் இளையவர்.

தந்தையார் சிலேட்டில் எழுதினார்: 'பாதி மறந்தது.'

மறுநாள் மேடையில் ஏறிய மூத்த தம்பி, 'அப்பா சார்பில்' என்று தொடங்கி இரண்டு வாக்கியங்களைப் படித்தார். இவ்வளவுதானா என்பது போல அரங்கு சிறிது நேரம் காத்திருந்தது. அவர் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு இறங்கி வந்து நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றார். அடுத்த ஆண்டு தந்தையார் காலமானார். அந்தத் தாள் இன்னும் தம்பியிடம் இருக்கிறது.